பன்னிரண்டுக்குப் பதினைந்து

கேட்டதா, தங்கச்சி? இருங்கோ, எழும்பாதீங்கோ. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. பார்த்தீங்களா, ஒன்றும் விழவில்லை. குண்டென்றால் முதலில் ஒரு அடி. பிறகு ஒரு மூச்சு விடுகிற நேரம். பிறகு கண்ணாடி. தெரு முழுக்க, மேலேயிருந்து, அரிசி மூட்டை கிழிந்த மாதிரிக் கொட்டும். கண்ணாடி கொட்டவில்லையென்றால் அது குண்டில்லை. இது துறைமுகத்தில் கப்பல் பெட்டியைக் கீழே வைக்கிற சத்தம். ஜிந்துப்பிட்டியில் இருக்கிற எங்களுக்கு இது நாளாந்தம் கேட்கிறதுதான். ஆனாலும் பாருங்கோ, சண்டை முடிந்து இத்தனை வருஷமாகியும் நாலு வரைக்கும் எண்ணாமல் எனக்கு மூச்சு வராது. நீங்களும் எழும்பப் பார்த்தீர்கள்தானே. கொழும்பில் வளர்ந்த பிள்ளை, வேறென்ன.

அளவு எழுதிய துண்டைத் தாருங்கோ. குளியலறை ஜன்னல், பன்னிரண்டுக்குப் பதினைந்து அங்குலம். அழகாக எழுதியிருக்கிறீர்கள். பஸ் டிக்கட்டின் பின்பக்கம் எழுதியது இன்னும் நல்லது. வேலை முடிய எறிந்துவிடலாம்.

எதைக் காட்டுகிறீர்கள்? மேல் தட்டில் பேப்பர் சுற்றி வைத்திருக்கிறதையா? கூர்மையான கண்தான் உங்களுக்கு. ஓம், அதுவும் பன்னிரண்டுக்குப் பதினைந்துதான். வெட்டி, விளிம்பு தேய்த்து, நூல் கட்டி வைத்திருக்கிறேன். ஆனால் அது தர ஏலாது. உங்களுக்கு வேறு வெட்டித் தருகிறேன். மழையும் விடுகிறபாடாயில்லை, அந்த வாங்கில் இருங்கோ. ஏன் தர ஏலாது என்று கேட்கிறீர்கள். அது ஒரு கொப்பியால் வந்தது.

நான் இந்தக் கடைக்கு வேலைக்கு வந்தது எழுபத்தொன்பதில். எண்பத்துமூன்றில் இதன் முன் கண்ணாடி முழுக்கத் தெருவில் கிடந்தது. பழைய முதலாளி கடையை என்னிடம் விட்டுவிட்டுக் கப்பலேறிப் போய்விட்டார். அதற்குப் பிறகு எண்பத்தேழு, தொண்ணூற்றொன்று, இடையில் கணக்கில்லாத சின்னச் சின்னது. ஒவ்வொரு தரமும் சனம் ஆஸ்பத்திரிக்கு ஓடும். நான் கடைக்கு ஓடி வருவேன். தப்பாக நினைக்காதீங்கோ. யாராவது போடத்தானே வேண்டும்? உடைந்த ஜன்னலுக்குள்ளால் மழை வராமல் இருக்குமா? இந்த நகரத்துக்கு மற்றவர்கள் என்ன செய்தார்களோ தெரியாது. நான் கண்ணாடி போட்டேன். திரும்ப உடைத்தார்கள். திரும்பப் போட்டேன்.

தொண்ணூற்றாறு தை மாதம் கொழும்புக் கோட்டையில் அந்த லொறிக் குண்டு. உங்களுக்கு நினைவிருக்காது. அதற்குப் பிறகு எனக்கு நாலு மாத வேலை. அங்கே ஒரு கப்பல் கம்பனிக் கட்டடம், வெள்ளைக்காரன் காலத்தது, நாலு மாடி. இரும்புச் சட்டம் வைத்த ஜன்னல்கள், இருநூற்றுப் பதினெட்டுக் கண்ணாடி. அதில் நூற்றைம்பதுக்கு மேலே போய்விட்டது. குண்டு அடித்த அடியில் சட்டமெல்லாம் கோணி, ஒன்றைப்போல ஒன்றில்லை. ஒன்று ஒரு நூல் கூட, அங்குலத்தில் எட்டிலொரு பங்கு, மற்றது இரண்டு நூல் குறைய. ஒவ்வொன்றாக ஏணி வைத்து அளந்தேன். விமலதாச என்று அந்தக் கட்டடத்தின் காவற்காரர், அவர்தான் ஏணி பிடித்தார். சிங்களவர், தங்கமான மனுசன். இனி ஒருதரம் இந்தப் பாடு படக்கூடாது என்று நான் ஒரு கொப்பியில் எல்லாவற்றையும் எழுதினேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனால் அந்தக் கொப்பியைப் பார்த்தால் நீங்கள் சொல்ல மாட்டீர்கள். எத்தனையாம் மாடி, எந்தத் திசை, இடமிருந்து எத்தனையாவது, நீளம், அகலம், தடிப்பு. கடைசியில் ஒரு நிரல். அதைக் கண்டுபிடித்தது நான், வேறு எந்தக் கடைக்காரனும் அப்படிச் செய்ததில்லை. அடுத்த தரம் இந்தக் கண்ணாடி உடையுமா உடையாதா என்று அதில் எழுதுவேன். சட்டம் கோணலாக இறுகிப்போயிருந்தால் உடையும். தெருவைப் பார்த்த பக்கம் உடையும். தூணின் மறைவில் இருந்தால் உடையாது. உடையும் என்று எழுதியதற்கெல்லாம் ஓய்வான நாளில் கண்ணாடி வெட்டி வைத்துவிட்டால், குண்டு வெடித்த மறுநாளே கொண்டுபோய்ப் போடலாம். முன்யோசனை, தங்கச்சி. தொழிலில் முன்யோசனை வேண்டும். ஒரு கட்டடம் இல்லை, கோட்டையில் ஏழு கட்டடம் அப்படி எழுதினேன். எல்லாம் என் கையெழுத்து. உருண்டை உருண்டையான எழுத்து.

அந்த வருஷந்தான் கடாட்சம் வந்தான். சிவகடாட்சம், என் மனைவி ரஞ்சிதத்தின் தம்பி. யாழ்ப்பாணத்துச் சனமெல்லாம் இடம்பெயர்ந்தபோது கிளிநொச்சிக்குப் போய், வவுனியாவில் மாதக்கணக்காகக் கிடந்து, ஆமியிடம் பாஸ் எடுத்து இங்கே வந்து சேர்ந்தான். முப்பத்தொரு வயது. வெளிநாட்டுக்குப் போக ஏஜென்சிக்காரனுக்குக் காத்திருந்தான். கொழும்பில் அந்த நேரம் பாதிச் சனம் அப்படித்தான், தொலைபேசிக் கடை வாசலில் ஒரு அழைப்புக்காக நின்ற சனம். சும்மா இருக்கிற நேரம் கடைக்கு வா என்றேன். நல்ல கை. அந்தக் கப்பல் கம்பனியில் மிச்சமிருந்த ஜன்னல்களுக்கு அவன்தான் கண்ணாடி போட்டான். புட்டி பூசுவதில் என்னை மிஞ்சிவிட்டான். கண்ணாடியைச் சட்டத்தில் வைத்துச் சுற்றிவரப் புட்டி அப்பி, பெருவிரலால் ஒரே இழுவை. அவனுடைய இடது பெருவிரலில் குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு, சின்ன வயதில் பட்டது. காய்ந்த புட்டியைப் பார்த்தால் இது கடாட்சம் போட்டது என்று சொல்லலாம். நடுவில் ஒரு கோடு ஓடியிருக்கும்.

பேச்சுக் குறைவு அவனுக்கு. ஆனால் இடைக்கிடை ஒன்று சொல்லுவான், குத்தும். ஒருநாள் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அத்தான், கொழும்பை ஜன்னல் ஜன்னலா எழுதி வைச்சிருக்கிறியள். உள்ளுக்கை இருக்கிற ஆக்களுக்கு என்ன நடக்கும் எண்டு ஒரு நிரல் போடேல்லையே." நான் சிரித்தேன். ஆட்களுக்கு அளவு எடுக்கிறது தையல்காரன் என்றேன்.

தொண்ணூற்றேழு மாசி மாதம், ஒரு புதன்கிழமை. மூன்றாம் மாடியில் சில சட்டங்களை நேராக்கியிருந்தார்கள், திரும்ப அளக்க வேண்டியிருந்தது. எனக்கு முழங்கால் பிடித்திருந்தது, ஏணி ஏற ஏலாது. அதனால்தான் அவனை அனுப்பினேன். வேறு காரணமில்லை. பையில் அளக்கிற ரேப், பென்சில், சாப்பிட இரண்டு மாலு பணிஸ், கொப்பி. திரும்பி வருகிற வழியில் சோதனைச்சாவடி. அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, எல்லாம் சரி. பையைத் திறந்தார்கள்.

அவனைப் பிடித்து வைத்திருப்பது அடுத்த நாள்தான் எங்களுக்குத் தெரிந்தது. எந்தப் பொலிஸ் நிலையம் என்று இப்ப என்னத்துக்கு, விடுங்கோ. நானும் ரஞ்சிதமும் மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு போனோம். ரஞ்சிதத்தை வெளி வாங்கில் இருக்கச் சொன்னார்கள். என்னை மட்டும் உள்ளே விட்டார்கள். அதிகாரியின் மேசையில் கொப்பி திறந்தபடி கிடந்தது. தமிழ் தெரிந்த ஒரு பொலிஸ்காரன் பக்கத்தில் நின்று வாசித்துக்கொண்டிருந்தான். மூன்றாம் மாடி, கிழக்கு, ஏழாவது, உடையும். எட்டாவது, உடையும். ஒன்பதாவது, உடையாது. அதிகாரி கோபப்படவில்லை, கத்தவில்லை. சிங்களத்தில் கேட்டார்: "எது உடையும் என்று உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

எனக்குச் சிங்களம் நன்றாக வரும். கண்ணாடிக் கடைக் கொப்பி சேர் என்றேன். கடையில் யார் யார் என்றார். நானும் அவனும் என்றேன். யாருடைய பையில் இருந்தது என்றார். அவனுடைய பையில் என்றேன். இதில் எது பொய்? ஒன்று சொல்லுங்கோ. இதை யார் எழுதியது என்று அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவேயில்லை. கேட்காததற்கு நான் எப்படிப் பதில் சொல்கிறது?

பிறகு ஒரு தாளைத் தள்ளி, பெயரும் விலாசமும் எழுது என்றார். நான் சிங்களத்தில் எழுதினேன். குணநாயகம் என்று என் பெயரை அதற்கு முன்னம் சிங்களத்தில் நான் எழுதியதேயில்லை. பேச்சு வருமே தவிர எழுதிப் பழக்கமில்லை, கடைப் பலகைகளைப் பார்த்து எழுத்துப் பழகியதுதான். பொலிஸ் நிலையத்தில் அவர்களுடைய எழுத்தில் எழுதினால் ஒரு மரியாதைதானே, அதற்காகத்தான். அதிகாரி தாளைப் பார்த்தார், கொப்பியைப் பார்த்தார். போகலாம் என்றார்.

வெளியே வந்தேன். ரஞ்சிதம் எழும்பினாள்.

"என்ன கேட்டவங்கள்?"

"பேர் எழுதித் தரச் சொன்னாங்கள். எழுதிக் குடுத்தனான்."

"எந்தப் பாஷையில?"

ஏன் அப்படிக் கேட்டாள் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. சிங்களத்தில் என்றேன். அவள் பொலிஸ் நிலைய வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிள்ளையை ஒரு இடுப்பிலிருந்து மற்ற இடுப்புக்கு மாற்றினாள். பிறகு, "பிள்ளைக்குப் பசிக்குது," என்றாள். பஸ்ஸில் ஏறிவிட்டோம்.

எல்லோரும் என்னைத்தான் பார்க்கிறார்கள், தங்கச்சி. அவளும் திரும்பி உள்ளே போயிருக்கலாம். பத்து அடி. கொப்பி யாருடையது என்று அவளுக்குத் தெரியாதா? நான் இராவிராவாக எழுதும்போது லாம்பு பிடித்தவள் அவள். புருஷனா தம்பியா என்று அந்த வாசலில் அவள் என்ன யோசித்தாள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

ஒரு கிழமை கழித்து விமலதாச இந்தக் கடைக்கு வந்தார். நீங்கள் இருக்கிற வாங்கில்தான் இருந்தார். "முதலாளி, நான் வந்து சொல்கிறேன். நீங்கள் ஏறி அளந்து எழுதினீர்கள், நான் ஏணி பிடித்தேன். இது கண்ணாடிக் கணக்கு, வேறொன்றுமில்லை. ஒரு சிங்களவன் சொன்னால் கேட்பார்கள்," என்றார். நல்ல மனுசன். ஆனால் பாருங்கோ, நீங்கள் எழுதினீர்கள் என்று போய்ச் சொன்னால் விஷயம் குழம்பிவிடும். ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றை ஏன் குழப்புவான். உங்களுக்கும் பிள்ளை குட்டி, வேலை இருக்கிறது, இதில் தலை போடாதீங்கோ, தானாகச் சரிவரும் என்றேன். தேநீர் வாங்கிக் கொடுத்தேன். குடித்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கடாட்சம் உள்ளே என்ன சொன்னான் என்று தெரியாது. ஒன்று மட்டும் சொல்லலாம். என்னைத் தேடி ஒருவரும் வரவில்லை. ஒரு பொலிஸ்காரன்கூட இந்தப் படி ஏறவில்லை. அவன் வாயே திறந்திருக்க மாட்டான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தானாம், பேச்சுக் குறைவு.

சித்திரையில் தெற்கே எங்கேயோ ஒரு முகாமுக்கு மாற்றினார்கள் என்றார்கள். ரஞ்சிதம் போய் வாசலில் நின்றாள். வைகாசியில் திரும்பப் போனபோது, விட்டாச்சு, போன மாதமே விட்டாச்சு, வீட்டுக்கு வரவில்லையா என்று கேட்டார்களாம். விட்டால் ஆள் எங்கே? அவனுக்குக் கொழும்பில் எங்களைத் தவிர யாரைத் தெரியும்? அன்றிலிருந்து அவள் போகாத இடமில்லை. கடிதம் போடாத ஆளில்லை. ஏஜென்சிக்குக் கொடுத்த சின்னப் படம் ஒன்று இருந்தது, அதைப் பெரிதாக்கினாள், காட்டிக் கேட்கிறதற்கு. பன்னிரண்டுக்குப் பதினைந்து.

ஓம். விளங்கிவிட்டது உங்களுக்கு. ஆனால் பொறுங்கோ, நான் இன்னும் கொப்பியைப் பற்றிச் சொல்லி முடிக்கவில்லை.

அந்த வருஷம் ஐப்பசியில் கோட்டையில் திரும்பக் குண்டு. கடையில் நின்றேன். அடி கேட்டது. ஒன்று என்று எண்ணவில்லை, அதற்குள் கொட்டிவிட்டது. அடுத்த நாளே கப்பல் கம்பனியிலிருந்து ஆள் வந்தது, குணநாயகத்திடம் அளவெல்லாம் இருக்குமே என்று. என்னிடம் எங்கே இருக்கிறது? ஒரு வருஷ வேலை, தங்கச்சி, ஒரு வருஷம் நான் கண்ணைக் கெடுத்து எழுதிய கொப்பி. அவர்களுக்கு அது என்னத்துக்கு? வழக்குமில்லை, ஆளுமில்லை, கொப்பியை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்கள்? போய்க் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டால் யாருடையது என்று கேட்பார்கள்.

அந்தப் பிடித்த முழங்காலோடு திரும்பவும் ஏணி ஏறினேன். விமலதாசதான் பிடித்தார். அந்த ஒரு கிழமையில் என்னோடு இரண்டு வார்த்தைதான் பேசினார், மெதுவாக, பார்த்து என்று. ஒன்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். மூன்றாம் மாடி கிழக்கில் நான் உடையும் என்று எழுதிய அத்தனையும் உடைந்திருந்தது, இரண்டைத் தவிர. உடையாது என்று எழுதியது ஒன்றும் உடையவில்லை. கொப்பி கையில் இருந்திருந்தால் காட்டியிருப்பேன். யாரிடம் காட்டுகிறது என்று கேட்கிறீர்களா? அதுவும் சரிதான்.

உடைந்த கண்ணாடியில் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கிற துண்டையெல்லாம் கழற்ற வேண்டும். பழைய புட்டியைச் சுரண்ட வேண்டும். ஏழாவது ஜன்னல், கீழ் விளிம்பு. புட்டி கல்லாகக் காய்ந்திருந்தது, ஒரே இழுவை, நடுவில் கோடு. எட்டாவதிலும் கோடு. இருபத்துமூன்று ஜன்னலில் அந்தக் கோடு இருந்தது. உளியை எடுத்தேன். கீழேயிருந்து விமலதாச பார்த்தார். பழையதை எடுக்காமல் புதிது போட ஏலாது. சுரண்டினேன். இருபத்துமூன்றும் சுரண்டினேன். தூள் கீழே அவருடைய தலையில் விழுந்தது, அவர் தட்டவில்லை.

அந்த வேலையில் மிஞ்சிய துண்டொன்றில்தான் இதை வெட்டினேன், மேல் தட்டில் இருக்கிறதை. படத்தின் அளவு எனக்குத் தெரியும். விளிம்பு தேய்த்து, அன்றைய பேப்பரில் சுற்றி வைத்துவிட்டேன். ஏன் வெட்டினேன் என்று கேட்டால் என்ன சொல்கிறது. துண்டு இருந்தது, அளவு தெரியும், வெட்டினேன். கை பழகிய கை.

பிறகு எத்தனை வருஷம். இந்த நகரத்தில் தமிழ்ச் சனத்தைப் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோனதையும் பார்த்தோம், ஆட்களைப் பிடித்துக்கொண்டு போகிற வெள்ளை வானுக்குப் பயந்து வாசலைப் பூட்டிக்கொண்டும் இருந்தோம், கடைசியில் வெற்றி என்று வெடி கொளுத்தியதையும் கேட்டோம். அன்றைக்கும் நான் நாலு வரை எண்ணினேன். வெடிதான். மகள் கலியாணம் கட்டி நோர்வேக்குப் போய்விட்டாள். ரஞ்சிதம் இன்னும் போகிறாள், விசாரணை என்று எங்கே கூப்பிட்டாலும். வாசலில் மற்றத் தாய்மாரோடு படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், பொலித்தீன் பையில் போட்டு. மரணச் சான்றிதழ் தருகிறோம், வாங்கிக்கொண்டு போங்கோ என்கிறார்களாம். வாங்க மாட்டாள்.

நாலு வருஷத்துக்கு முன் ஒருநாள் இப்படித்தான் மழை. படம் நனைந்து வந்தது. கன்னத்துப் பக்கம் மை ஊறிவிட்டது. எனக்குத் தாங்கவில்லை. அடுத்த நாள் கடையிலிருந்து அந்தக் கண்ணாடியையும் தேக்கஞ் சட்டம் நாலையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அவள் பயற்றங்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். படத்தைத் தா, சட்டம் போட்டுத் தருகிறேன், மழை படாது என்றேன். நல்லதற்குத்தானே சொன்னேன்?

"சட்டம் போட்டால் சுவரில கொழுவ வேணும். கொழுவினால் மாலை போட வேணும்."

"மாலை போடச் சொல்லி நான் சொல்லேல்லை. நீ கையில பிடிச்சுக்கொண்டு போ."

அவள் கத்தியை வைத்தாள். கையைத் துடைத்துவிட்டுப் பொதியை வாங்கினாள். நூலை அறுக்காமல் மெதுவாக அவிழ்த்தாள். படத்தைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்தாள். ஒரு நூல் கூடவில்லை, குறையவில்லை. அதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் சந்தோஷங்கூட. பிறகு பேப்பரை எடுத்து விரித்தாள். மஞ்சளாகப் போயிருந்தது. மேலே இருந்த திகதியை விரல் வைத்து வாசித்தாள். தொண்ணூற்றேழு, ஐப்பசி.

அவள் என்னைப் பார்க்கவில்லை, பேப்பரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் வருவான் எண்டு நான் உடுப்பு வாங்கி வைச்சுக்கொண்டு இருந்த மாசம் இது," என்றாள். பிறகு, "உங்களுக்கு எப்பவும் முதலே தெரியும், என்ன. எது உடையும் எண்டு."

அவ்வளவுதான். கண்ணாடியை அதே பேப்பரில் அதே மடிப்பில் சுற்றி, அதே நூலால் கட்டி, என் கையில் தந்தாள். பயற்றங்காயை எடுத்தாள். சோறு தருகிறாள், தேநீர் தருகிறாள், நான் இருமினால் கொத்தமல்லி அவிக்கிறாள். அதற்குமேல் ஒரு பேச்சில்லை, நாலு வருஷம். நான் என்ன செய்தேன் என்று ஒருதரம் வாய் திறந்து கேட்டால் நானும் சொல்லலாம். கேட்கவேயில்லை.

அதனால்தான் அதைத் தர ஏலாது என்றேன். வேறொன்றுக்கும் போடவும் ஏலாது, எறியவும் ஏலாது. இருக்கட்டும்.

மழை குறைகிறது. இருங்கோ, உங்களுடையதை வெட்டுகிறேன். இந்தத் துண்டு போதும், ஒரு மூலையில் கீறல், அதைத் தவிர்த்துவிடலாம். துண்டைக் காணவில்லையே, உங்களுடைய டிக்கட். கதையில் எங்கேயோ போட்டுவிட்டேன். அளவை இன்னொருதரம் சொல்லுங்கோ. தெரியும், தெரியும், இருந்தாலும் நீங்கள் வாயால் சொல்லுங்கோ. இப்ப நான் ஒன்றும் எழுதி வைக்கிறதில்லை.

சரி. கட்டரை மண்ணெண்ணெயில் தோய்க்க வேண்டும். கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, தூள் பறக்கும். ஒரே இழுவைதான், போன கோட்டில் திரும்பப் போனால் கண்ணாடி கோணலாகப் பிளக்கும். இந்தா. இனி மற்றப் பக்கம். அந்த நுனியை மெதுவாகப் பிடித்துக்கொள்ளுங்கோ.